வான்கோழி வேட்டையில் ஆந்தைக் குரல்: ஊதல் வாங்குவது முதல் விடியற்காலைக் காடு வரை

ஆந்தைக் குரலைக் கேட்டு எந்த வான்கோழியும் உங்களைத் தேடி வராது. முதல் சீசனுக்குத் தயாராகும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி, இதைப் புரிந்துகொண்டாலே தீர்ந்துவிடும். பெட்டையின் குரலை எழுப்பும் மரப்பெட்டி, ஸ்லேட், வாய்க்குள் வைக்கும் டயாஃப்ரம் எல்லாம் சேவலை வரவழைப்பதற்கு. ஆந்தையைப் போலக் குரல் எழுப்பும் ஊதலின் வேலை வேறு. இருட்டில் ஏதோ ஒரு கிளையில் உட்கார்ந்திருக்கும் சேவலை வாய் திறக்க வைத்து, அது எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியவைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அதனால் ஊதும் திறமையைவிட, ஊதிய பிறகு கேட்கும் திறமைதான் இதில் பெரிது.

நான் வேட்டைக்குப் போவது அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துத் தெற்குப் பகுதியில், ஓசார்க் குன்றுகளில். ஓக், ஹிக்கரி மரங்கள் நிறைந்த காடு, இடையிடையே ஓடைகள், மார்க் ட்வெய்ன் தேசிய வனத்தின் பொது நிலம். கீழே சொல்வதெல்லாம் அங்கே கற்றது. நாட்டின் கிழக்குப் பாதி முழுவதற்கும் பெரும்பாலும் பொருந்தும். மேற்குப் பக்கம் போனால் எங்கே மாறும் என்பதையும் சொல்கிறேன்.

சேவல் ஏன் பதில் குரல் கொடுக்கிறது

ஊரில் வான்கோழி வளர்க்கும் வீட்டைப் பார்த்திருந்தால் இது உங்களுக்கே தெரியும். சின்னப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று ஏதாவது கத்தினால், சேவல் உடனே கழுத்தை நீட்டிக் கொளகொளவென்று திருப்பிக் கத்தும். நாம் கத்தக் கத்த அதுவும் கத்தும். காட்டு வான்கோழிக்கும் அதே பழக்கம்தான். வசந்தகாலம் அதன் இனப்பெருக்கக் காலம். அந்த நாட்களில் ஹார்மோன் உச்சத்தில் இருப்பதால் திடீரென்று எழும் எந்தப் பெரிய சத்தத்துக்கும் சேவலால் சும்மா இருக்க முடியாது. இடி, கார்க் கதவு சாத்தும் சத்தம், ரயில் ஹாரன், காகம், ஆந்தை, எதுவானாலும் சரி. யோசித்துக் கொடுக்கும் பதில் இல்லை அது; தும்மல் மாதிரி தானாக வெடித்து வருவது.

நான் பள்ளியில் படித்த ஒலிமரபுப் பட்டியலில் ஆந்தை அலறும், கூகை குழறும், மயில் அகவும் என்று எல்லாம் இருந்தது. வான்கோழி மட்டும் இல்லை. எனவே அதன் குரலுக்கு இங்குள்ள வேட்டைக்காரர்கள் சொல்லும் ‘காபிள்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். அதிர்ச்சியில் தானாக வரும் அந்தக் குரலுக்கு ‘ஷாக் காபிள்’ என்று பெயர்.

பெட்டையின் குரலிலேயே கூப்பிட்டு இடத்தைத் தெரிந்துகொண்டால் என்ன என்று தோன்றலாம். அதில் இரண்டு சிக்கல்கள். முதலாவது, சேவல் மிக அருகில் இருந்தால் நீங்கள் உட்கார இடம் தேடுவதற்குள் அது நேரே நடந்து வந்து உங்களைப் பார்த்துவிடும். அதன் கண்ணுக்குத் தப்பிய அசைவை நான் பார்த்ததில்லை. இரண்டாவது, இயற்கையில் சேவல் நின்ற இடத்தில் நின்று கூப்பிட, பெட்டைதான் அதைத் தேடிப் போகும். முன்கூட்டியே பெட்டைக் குரல் கேட்டுவிட்டால் சேவல் கிளையிலேயே உட்கார்ந்து அவள் வரட்டும் என்று காத்திருக்கும். ஆந்தைக் குரலில் இந்தத் தொல்லை இல்லை. ஆந்தை எப்போதும் காட்டில் இருப்பது; அது கத்துவதால் சேவல் மனத்தில் எந்த எதிர்பார்ப்பும் உண்டாவதில்லை.

எந்த ஆந்தை

கிழக்குக் காடுகளில் நாம் பாவனை செய்வது பெரும்பாலும் பார்ட் ஆந்தை. கழுத்தில் குறுக்குக் கோடுகளும் வயிற்றில் நெடுக்குக் கோடுகளும் உள்ள, உருண்டைத் தலை ஆந்தை. கொம்பு போன்ற காதுமயிர் கிடையாது. மற்றப் பல ஆந்தைகளுக்கு மஞ்சள் கண் இருக்க, இதற்குக் கருத்த பழுப்புக் கண். முதிர்ந்த மரங்களும் ஓடையும் சதுப்பும் உள்ள இடம் இதற்குப் பிடிக்கும். வான்கோழிகள் இரவில் அடைவதும் பல நேரம் அதே மாதிரி இடங்களில்தான். அதனால் இந்தக் குரல் அந்தக் காட்டுக்குப் பழகிய குரல்.

இன்னொன்று பெரிய கொம்பு ஆந்தை. அமெரிக்கா முழுக்க இருக்கிறது. நாலைந்து ஆழமான ‘ஹூ’க்கள், தாழ்ந்த குரலில், அவசரமில்லாமல் வரும். ஆனால் இது இரவில் கிளையில் அடைந்திருக்கும் வான்கோழியையே அடித்துத் தின்னக்கூடிய ஆந்தை. அந்தக் குரலுக்கும் சேவல்கள் பதில் கொடுப்பதுண்டு. என்றாலும், தன்னைக் கொல்ல வருபவனின் குரலைக் காட்டி அதைப் பேசவைக்க எனக்கு விருப்பமில்லை. பார்ட் ஆந்தை இருக்கும் இடத்தில் பார்ட் ஆந்தையே போதும்.

தெற்கு டகோடாவின் பிளாக் ஹில்ஸ் போன்ற இடங்களில், பாண்டரோசா பைன் காட்டில் வாழும் மெரியம் வகை வான்கோழியைத் தேடிப் போகிறவர்கள் கயோட்டி என்ற, ஓநாயைவிடச் சிறிய காட்டு விலங்கின் ஊளையை அதிகம் நம்புகிறார்கள். காரணம் எளிது: பார்ட் ஆந்தை அங்கே வாழ்வதில்லை, கயோட்டி தினமும் ஊளையிடும். விதி ஒன்றுதான். அந்தக் காட்டில் அந்த நேரத்தில் இயல்பாகக் கேட்கும் குரலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊதலைத் தேர்ந்தெடுப்பது

கடைக்குப் போகுமுன் உங்கள் தொண்டையைச் சோதித்துப் பாருங்கள். இரண்டு கைகளையும் வாயைச் சுற்றிக் குவித்து, அடிவயிற்றிலிருந்து ‘ஹூ’ என்று சொல்லிப் பாருங்கள். சிலருக்கு இயற்கையாகவே அந்தக் குழிந்த ஓசை வந்துவிடும். வெறும் தொண்டையால் ஊதுவதில் தொலைப்பதற்கோ நனைந்து கெடுவதற்கோ எதுவும் இல்லை, காசும் மிச்சம். ஆனால் குளிர்ந்த விடியலில், தூக்கம் கலையாத தொண்டையில் குரல் உடைவது சாதாரணம். தூரமும் குறைவு. காற்று அடிக்கும் நாளில் அடுத்த மேட்டைத் தாண்டாது.

எனவே பெரும்பாலானவர்களுக்கு ஓர் ஊதல் தேவைப்படும். வழக்கமான வகையில், குழாய்க்குள் ஒரு தட்டையான மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படி இதற்கு அந்த நாக்கு. காற்றில் அதிர்ந்து ஓசையைப் பிறப்பிப்பது அதுதான். மீதி எல்லாம் அந்த ஓசைக்கு உருவம் கொடுக்கும் குழாய். காற்றை அழுத்தினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். பின்னால் உள்ள வாயைக் கையால் மூடித் திறந்து ஓசையைத் தடித்ததாகவோ திறந்ததாகவோ ஆக்கலாம்.

குழாய் மூன்று பொருட்களில் கிடைக்கிறது. பிளாஸ்டிக் மலிவு, மழைக்கு அஞ்ச வேண்டாம், முதல் வருடத்துக்கு அதுவே போதும். மரத்தில் செய்தது ஓசையில் மென்மையானது, உண்மை ஆந்தைக்கு மிக நெருக்கமானது என்பது என் காதின் தீர்ப்பு. ஆனால் ஈரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்ரிலிக் உரத்த, கூர்மையான ஓசை. காற்றடிக்கும் முகடுகளில் நன்றாகத் தூரம் போகும், அமைதியான காலையில் கொஞ்சம் முரடாகக் கேட்கும். மரமும் அக்ரிலிக்கும் பிளாஸ்டிக்கைவிட இரண்டு மூன்று மடங்கு விலை. முதலிலேயே விலை உயர்ந்ததை வாங்கத் தேவையில்லை. ஆனால் வாங்குமுன் ஊதிப் பார்க்க முடிந்தால் கட்டாயம் ஊதுங்கள். உங்கள் மூச்சுக்கு அந்த நாக்கு மிகக் கடினமாக இருந்தால், குளிரில் அது இன்னும் அடம்பிடிக்கும்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். மெதுவாக ஊதினாலும் ஓசை பிறக்கிறதா? குரலின் கடைசியில் சரிந்து இறங்கும் அந்த ‘ஆ’ உடையாமல் வருகிறதா? உள்ளேயிருக்கும் நாக்கைக் கழற்றித் துடைத்து மாட்ட முடிகிறதா? எவ்வளவு சத்தம் என்பதை நான் நான்காவதாகத்தான் கேட்பேன். கழுத்தில் தொங்கவிட ஒரு கயிறும் சேர்த்து வாங்குங்கள். இருட்டில் பைக்குள் தேடிக்கொண்டிருந்தால் ஜிப் சத்தமே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

பட்டனை அழுத்தினால் பதிவு செய்த குரலை ஒலிக்கும் மின்னணுக் கருவிகளும் விற்பனையில் இருக்கின்றன. வான்கோழி வேட்டையில் இவற்றைப் பல மாநிலங்கள் தடை செய்திருக்கின்றன. உங்கள் மாநில விதிப் புத்தகத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். விதி அனுமதித்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்: மூச்சால் ஊதும்போதுதான் எங்கே நிறுத்துவது என்பது கைவரும்.

எட்டு ‘ஹூ’க்களின் தாளம்

பார்ட் ஆந்தையின் பாட்டை அமெரிக்கர்கள் ஒரு வாக்கியமாக நினைவில் வைத்திருக்கிறார்கள்: ‘ஹூ குக்ஸ் ஃபார் யூ, ஹூ குக்ஸ் ஃபார் யூ ஆல்’. உனக்கு யார் சமைக்கிறார், உங்களுக்கெல்லாம் யார் சமைக்கிறார் என்று ஆந்தை விசாரிப்பதாகக் கற்பனை. சொற்கள் பயன்படுவது அவற்றின் தாளத்துக்காக. நம் காதுக்கு இப்படிச் சொல்லலாம்: தாம், தாம், த-தோம். கொஞ்சம் இடைவெளி. தாம், தாம், த-தோ...ஆ. முதல் பாதியின் கடைசி ஓசை நின்று முடியும். இரண்டாம் பாதியின் கடைசி ஓசை நீண்டு, சறுக்கி இறங்கும். அந்தச் சறுக்கலில்தான் ஆந்தை இருக்கிறது. மற்ற ஏழும் சரியாக இருந்து இது இல்லாவிட்டால் யாரோ குழாய் ஊதுவது போலக் கேட்கும்.

கற்றுக்கொள்ளும் வரிசை இது. முதலில் ஊதலைத் தொடாமல் வாயாலேயே தாளத்தைச் சொல்லுங்கள், நடக்கும்போதும் காரோட்டும்போதும். அது நாக்கில் பதிந்த பிறகு ஊதலை எடுத்து ஒரே ஓர் ஓசையை மட்டும் ஊதுங்கள். கன்னத்தை உப்பவிடாமல், அடிவயிற்றிலிருந்து, ‘ஹூ’ என்ற சொல்லையே குழாய்க்குள் சொல்வது போல. ஓசை தொடங்கும்போது கூர்மையாக வெடிக்கக் கூடாது; வட்டமாகத் தொடங்க வேண்டும். அது வந்தபின் சறுக்கல்: காற்றின் அழுத்தத்தை மெல்லத் தளர்த்திக்கொண்டே ‘ஹூ’வை ‘ஆ’வாக மாற்றி, கையைத் திறங்கள். இந்த ஒன்றுக்கே ஒரு வாரம் ஆகும். ஆகட்டும். அப்புறம் எட்டையும் கோத்துவிடலாம்.

எதைக் கேட்டுக் கற்பது? மற்ற வேட்டைக்காரர்களின் வீடியோக்களைவிட உண்மையான ஆந்தையின் பதிவுகளைக் கேளுங்கள். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியிலேயே பார்ட் ஆந்தையின் பல குரல்கள் உள்ளன. ஆணின் குரல் தடித்தது, பெண்ணின் குரல் உயர்ந்தது. உடலளவில் பெண்தான் பெரியது என்றாலும் அப்படித்தான். உங்கள் பயிற்சியை போனில் பதிவு செய்து, ஐம்பது தப்படி தள்ளி வைத்து ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். வாய்க்கு அருகில் கேட்பதும் தூரத்தில் கேட்பதும் முற்றிலும் வேறு.

பாட்டு மட்டுமல்லாமல் ஒற்றைக் குரல் ஒன்றும் உண்டு: வெறும் ‘ஹூ-ஆ’. காட்டில் நான் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இரண்டு ஆந்தைகள் ஒன்றையொன்று சீண்டிக் குரங்குக் கூட்டம் போலக் கெக்கலிக்கும் குரலும் இருக்கிறது. தேசிய வான்கோழிக் கூட்டமைப்பு 1973 முதல் இயங்குகிறது. அது நடத்தும் குரல் போட்டிகளில் ஆந்தைக் குரலுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அங்கே அந்தக் கெக்கலிப்பைக் கேட்டால் மெய்சிலிர்க்கும். வேட்டைக்கு அது அவ்வளவு தேவையில்லை. இரண்டு குரல்களுக்கும் மசியாத சேவலுக்குக் கடைசி முயற்சியாக வைத்துக்கொள்ளலாம்.

முந்தைய மாலை

விடியற்காலை வேட்டையின் பாதி முந்தைய மாலையிலேயே நடந்துவிடுகிறது. வான்கோழி பகலெல்லாம் தரையில் மேய்ந்து, பொழுது சாயும்போது மரத்தில் ஏறி அடையும். ஏப்ரல் கடைசியில் ஓசார்க்கில் சூரியன் மறைவது இரவு 8 மணி அளவில். அதற்கு அரை மணி நேரம் முன்பே, நாலு பக்கமும் கேட்கக்கூடிய ஒரு முகட்டில் போய் நின்றுவிடுங்கள். பறவை ஏறும்போது எழும் சத்தத்தைத் தவறவிட முடியாது. கனத்த சிறகுகள் கிளைகளில் அடித்துக்கொண்டு போகும்.

எல்லாம் ஏறி அடங்கி, வெளிச்சம் மங்கிய பிறகு ஒரு முறை ஊதுங்கள். பதில் வந்தால் திசையைக் குறித்துக்கொண்டு, போன் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, நன்றாக இருட்டும்வரை அசையாமல் இருந்து, வந்த வழியே திரும்புங்கள். அருகில் போய்ப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். அடைந்த மரத்தை விட்டு இருட்டில் விரட்டப்பட்ட சேவல் மறுநாள் காலை எங்கிருந்து பேசும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாலையில் பதில் வராவிட்டால் சேவல் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். மாலையில் வாயே திறக்காதது விடியலில் நாற்பது முறை பேசும்.

விடியற்காலை

அந்த நாட்களில் அங்கே சூரியோதயம் சுமார் 6.30. நான் 5.15க்குள் கேட்கும் இடத்தில் நிற்பேன். நின்றவுடன் ஊத மாட்டேன். முதல் பதினைந்து இருபது நிமிடம் சும்மா நிற்பதுதான் இந்த முழு வழிகாட்டியிலும் கடினமான படி. காடு தானாக விழிக்கட்டும். முதலில் ஏதாவது ஒரு சிறு பறவை, அப்புறம் கார்டினல் என்ற சிவப்புப் பறவை, பல நாட்களில் உண்மையான ஆந்தையே பேசிவிடும், சேவல் அதற்குப் பதில் சொல்லிவிடும். தானாகப் பேசும் சேவலைப் பேசவைக்க நமக்கு ஊதல் எதற்கு?

கார்டினல் பாடத் தொடங்கியும் சேவல் வாய் திறக்கவில்லை என்றால் இப்போது ஊதலாம். முதலில் ஒற்றை ‘ஹூ-ஆ’, நடுத்தரச் சத்தத்தில். பக்கத்து மரத்திலேயே அது உட்கார்ந்திருக்கலாம். எடுத்த எடுப்பில் உரக்க ஊதினால் அதைக் கலைத்துவிடுவோம். ஊதிய கணமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். காலை அசைக்காதீர்கள், ஜாக்கெட் உரசக் கூடாது.

ஷாக் காபிள் உங்கள் குரல் முடியும்வரை காத்திருப்பதில்லை. ஆந்தையின் நான்காவது ‘ஹூ’விலேயே அது வெடித்து, உங்கள் எட்டாவது ‘ஹூ’ முடிவதற்குள் அதுவும் முடிந்திருக்கும். ஊதுகிறவரின் காதில் அப்போது தன் ஊதலின் சத்தம் மட்டுமே இருக்கும். என் முதல் சீசனில், ஒரு முகட்டில் நின்று எட்டு ‘ஹூ’வையும் முழுதாக, திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டிருந்தேன். எதுவும் இல்லை என்று நண்பரிடம் திரும்பினால், முப்பது தப்படி தள்ளி நின்ற அவர் மூன்று விரலைக் காட்டினார். மூன்று முறை பதில் வந்திருக்கிறது, மூன்றும் என் குரலுக்குள் மறைந்துபோயிருக்கிறது. அன்று முதல் நான் ஒற்றைக் குரலுக்கு மாறினேன். இரண்டு பேர் போனால் ஒருவர் ஊத, மற்றவர் இருபது முப்பது கஜம் தள்ளி நின்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஒற்றைக் குரலுக்குப் பதில் இல்லையா? இரண்டு மூன்று நிமிடம் விட்டு, முதல் பாதியின் நாலு ‘ஹூ’. பிறகும் இல்லையென்றால் எட்டும், இம்முறை உரக்க. திடீர்த்தன்மைதான் சேவலைப் பேசவைக்கிறது. முப்பது நொடிக்கு ஒருமுறை ஊதினால் அந்தத் திடீர்த்தன்மை போய்விடுகிறது. ஓர் இடத்தில் மூன்று நான்கு முறைக்கு மேல் நான் ஊதுவதில்லை. பதில் இல்லாவிட்டால் முகட்டின் வழியே கால் மைல், அரை மைல் நகர்ந்து மறுபடி முயல்வேன். குன்றுப் பகுதியில் ஒரு மடிப்பு தாண்டினால் ஓசை அடியோடு மாறிவிடும். போன இடத்தில் கேட்காதது இங்கே தெளிவாகக் கேட்கும்.

காற்றடிக்கும் காலையில் ஓடைக்கரைப் பள்ளத்தில் நிற்காதீர்கள், ஓடைச் சத்தமும் சேர்ந்து கெடுக்கும். மேலே ஏறி, காற்று வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து வரும் பதிலைக் காற்றே கொண்டுவந்து சேர்க்கும். அசைவற்ற, தெளிந்த, குளிர்ந்த காலைகள்தான் சிறந்தவை.

பதில் வந்ததும்

ஊதலைச் சட்டைக்குள் போடுங்கள். அதன் வேலை முடிந்தது. இன்னும் ஒருமுறை கேட்டால் நன்றாக இருக்குமே என்று மனம் சொல்லும். உண்மையிலேயே திசை புரியாவிட்டால் மட்டும் இன்னொரு முறை ஊதுங்கள். பேசத் தொடங்கிய சேவலைச் சும்மா விட்டாலே பேசும். ஒவ்வொரு காபிளும் பெட்டைகளுக்கும் கேட்கும், மற்ற வேட்டைக்காரர்களுக்கும் கேட்கும் என்பதை மறக்க வேண்டாம்.

திசையைத் தொலைவில் தெரியும் ஒரு மரத்தோடு சேர்த்து மனத்தில் பதித்துக்கொண்டு, தூரத்தை மதிப்பிடுங்கள். கிளையில் இருக்கும் பறவையின் குரல் திறந்து, தூரம் வரை வரும். தரையில் இறங்கியபின் அதே குரல் அடங்கி, புதைந்தது போல ஆகும். இலை துளிர்க்காத ஆரம்ப நாட்களில் எல்லாக் குரலும் அருகில் இருப்பது போலவே கேட்கும், ஆனால் சேவலும் நம்மைத் தூரத்திலிருந்தே பார்த்துவிடும். அப்போது நூற்றைம்பது கஜத்துக்கு முன்பே நின்றுவிடுவது நல்லது. இலை அடர்ந்தபின் நூறு கஜம் வரை நெருங்கலாம். இருட்டு இருக்கும்போதே நடந்து முடியுங்கள். சேவல் இருக்கும் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலேயோ இடம் பாருங்கள். கீழ்நோக்கி வரச் சேவல் பல நேரம் தயங்கும். நடுவில் ஓடையோ வேலியோ இல்லாமலிருந்தால் நல்லது.

உங்கள் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். துப்பாக்கி முழங்காலின் மேல், சேவல் வரும் பக்கம் பார்த்து. இப்போதுதான் பெட்டைக் குரலுக்கு நேரம்: கிளையில் தூக்கம் கலைந்த பெட்டை முனகுவது போல, மெல்ல, மூன்று நான்கு ஓசை. அது தனிக் கலை, இங்கே விரிக்கவில்லை.

சூரியன் ஏறிய பிறகு

சேவல்கள் தரையில் இறங்கியபின் ஆந்தைக்குப் பதில் குறைந்துவிடும். பார்ட் ஆந்தை பகலிலும் குரல் கொடுக்கும் பறவைதான், எனவே பத்து மணிக்கு ஊதினாலும் பொய்யாகத் தெரியாது. ஆனால் அந்த நேரத்துக்குக் காகக் குரல் மேலானது. கூர்மையாக, திடீரென்று எழும். சிலர் பெரிய மரங்கொத்தியின் குரலையும், மயில் அகவலைக்கூடப் பயன்படுத்துகிறார்கள். நம் மயில் மிசௌரிக் காட்டில் வான்கோழியைப் பேசவைப்பதைக் கேட்டால் விசித்திரமாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது.

பொது நிலத்தில் சீசனின் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு சேவல்கள் எதற்கும் பேச மாட்டேன் என்று அமைதியாகிவிடும். ஒவ்வொரு வண்டி நிறுத்தத்திலிருந்தும் தினமும் இரண்டு ‘ஆந்தைகள்’ ஊதியிருப்பார்கள். அப்போது சாலையிலிருந்து உள்ளே தூரமாக நடந்து போங்கள், ஊதுவதைப் பாதியாகக் குறையுங்கள், நிற்கும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள்.

பாதுகாப்பும் சட்டமும்

இதை வேகமாகப் படித்துவிட்டுப் போக வேண்டாம். நீங்கள் கேட்கும் ஆந்தை இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம். காபிள்கூட இன்னொருவர் எழுப்பும் குரலாக இருக்கலாம். எனவே குரல் வரும் திசையை நோக்கி, சேவலைச் சுட்டுவிடலாம் என்று பதுங்கிப் பதுங்கிப் போகாதீர்கள்; இடம் பார்த்து உட்கார்ந்து வரவழைப்பதுதான் இந்த வேட்டை. சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்று நிறங்களில் மாறும். அந்த மூன்று நிறங்களில் கைக்குட்டைகூட உங்களிடம் தெரியக் கூடாது. இருட்டில் நடக்கும்போது விளக்கைப் போட்டுக்கொண்டு நடங்கள். பறவையைத் தூக்கி வரும்போது ஆரஞ்சுத் துணியில் சுற்றுங்கள். வேறொருவர் உங்களை நோக்கி வருவதைப் பார்த்தால் கையை ஆட்டாதீர்கள், வான்கோழிக் குரலும் எழுப்பாதீர்கள். உட்கார்ந்தபடியே மனிதக் குரலில் உரக்கப் பேசுங்கள். வேறொருவர் முன்பே ஒரு சேவலை நோக்கி உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தால் அந்தக் குன்றை அவருக்கு விட்டுவிட்டு நகருங்கள்.

லைசென்ஸ், வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி, அனுமதிக்கப்பட்ட பறவை எது, எத்தனை என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல இடங்களில் சூரியோதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து சுடலாம். முடியும் நேரம்தான் வேறுபடும். நியூயார்க்கில் நண்பகலோடு முடிகிறது, மிசௌரியின் பொது நிலத்தில் பிற்பகல் 1 மணியோடு. ஒவ்வொரு வருடமும் புதிய விதிப் புத்தகத்தைப் பாருங்கள். இந்தக் கட்டுப்பாடுகளை நான் பாரமாக நினைப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் மிசௌரியில் இந்தப் பறவை அழிவின் விளிம்பில் இருந்தது. மிஞ்சிய கூட்டங்களிலிருந்து பிடித்து வேறு காடுகளில் விட்டுப் பெருக்கிய பிறகு, 1960இல்தான் அங்கே நவீன கால வசந்த வேட்டை தொடங்கியது. அந்த மூன்று நாள் சீசனில் மொத்தம் சுடப்பட்டவை 94 பறவைகள்.

ஊதலின் பராமரிப்பு

குளிரில் மூச்சின் ஈரம் நாக்கின் அடியில் படிந்து ஒட்டிக்கொள்ளும். ஓசை திடீரென்று நின்றுவிடும். ஊதுமுன் குழாயை ஒருமுறை உதறிக்கொள்ளுங்கள். காட்டுக்குப் போகும்வரை சட்டைக்குள், உடல் சூட்டில் வைத்திருங்கள். வீடு திரும்பியதும் நாக்கைக் கழற்றி, மெல்லிய துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மாட்டும்போது முன்பு இருந்த அதே இடத்தில் வையுங்கள். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சுருதி மாறும். கழற்றுமுன் அதன் இடத்தைப் பேனாவால் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்வது என் வழக்கம்.

உண்மையான ஆந்தை வந்துவிட்டால்

இது நடக்கும். ஒருநாள் நீங்கள் ஊதிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் எந்தச் சத்தமும் இல்லாமல் ஒரு நிழல் வந்து கிளையில் உட்காரும். கருத்த கண்களால் உங்களை உற்றுப் பார்க்கும். ஊரில் ஆந்தை அலறினாலே சகுனம் பார்த்து வளர்ந்த எனக்கு, முதல் முறை அப்படி ஒன்று பத்தடி உயரத்தில் வந்து உட்கார்ந்தபோது கை நடுங்கியது. பயம் போய் இப்போது மரியாதைதான் மிச்சம்.

தன் எல்லைக்குள் வேறொரு ஆந்தை நுழைந்துவிட்டது என்று நினைத்துத்தான் அது வந்திருக்கிறது. வான்கோழி சீசனும் அதன் முட்டை, குஞ்சுக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. அருகில் ஏதாவது மரப்பொந்தில் அதன் குடும்பம் இருக்கலாம். நாம் மேலும் மேலும் ஊதினால் அது குஞ்சுகளை விட்டுவிட்டு நம்மோடு சண்டைக்கு நிற்கும். அதனால் ஆந்தை வந்த உடனே நான் நிறுத்திவிடுவேன். பெரும்பாலும் அது சற்று நேரம் பார்த்துவிட்டு, நாலு மரம் தள்ளிப் போய் உட்கார்ந்து, எட்டு ‘ஹூ’வையும் தானே முழுதாகச் சொல்லும். எந்த ஊதலாலும் கொண்டுவர முடியாத அந்தச் சறுக்கலோடு. அப்போது அசையாமல் நின்று, எந்தக் குன்றிலிருந்து சேவல் அதற்குப் பதில் கொடுக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.